அலமாரிக் கதவில் பச்சை

ஓவனைத் திறக்காதே. உள்ளே இருப்பது கேக் இல்லை, பேனா கடைவதற்காக நான் அறுத்து வைத்த மரத்துண்டுகள். ஈரம் போக, குறைந்த சூட்டில் காய்கின்றன. நான்கு மணிக்கு அணைத்துவிடு, உள்ளேயே ஆறட்டும். சூட்டோடு எடுத்தால் இன்னும் பிளக்கும். சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. சாவி வழக்கமான ஆணியில்.

மரம், அந்தப் பழைய அலமாரிக் கதவுதான். போன வாரம் நீ படாரென்று சாத்தியதில்தான் விரிசல் விட்டது என்று நான் கத்தினேனே, அதே கதவு. "அது முன்னாடியே விட்டிருந்துச்சு" என்று நீ சொன்னாய். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதன் பிறகு நீயும் பேசவில்லை.

இன்று காலை, பசை ஊற்றுவதற்கு முன் விரிசலை ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்தேன். அடிவரைக்கும் பச்சைப் பெயிண்ட் இறங்கியிருக்கிறது. அந்தப் பச்சை, நம் கல்யாணத்துக்கு முன்பே அடித்தது.

விரிசல் உள்ள அந்தத் துண்டை மட்டும் ஓவனில் வைக்கவில்லை. உன் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, நீயே பார். அதில் கடையும் பேனா உனக்குத்தான். பச்சையை மறைக்க மாட்டேன்.

பி.கு.: விரிசல் இருப்பது தெரிந்தும் கதவை அப்படியா சாத்துவது?