மச்சான் கப்பல்

கடலூர்
9.8.2010

அன்புத் தம்பி மரிய அருளுக்கு,

அக்கா வியாகுலமேரி எழுதுவது. தண்ணீரிலும் தரையிலும் மாதா உன்னைக் காப்பாளாக. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உன் போன் அணைந்தே கிடக்கிறது. கப்பல் ரோந்துக்குப் போயிருக்கும், இந்த வாரம் திரும்பும் என்று சொல்லியிருந்தாய் அல்லவா, அதனால்தான் சென்னைத் துறைமுக விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். கரை இறங்கியதும் முதலில் இதைப் படி, பிறகு மற்ற வேலையைப் பார்.

வெள்ளிக்கிழமை நம் குப்பத்தில் மாதா கோயில் கொடியேற்றம். கொடி ஏறுகிற நாளில் நம் ஆட்கள் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. இது தெற்குக் குப்பத்துக்காரர்களுக்கும் நன்றாகவே தெரியும். அந்த நாளாகப் பார்த்துச் சுருக்குவலையோடு வந்து, நமக்கு நேர் எதிரே கடலை வளைத்துக்கொண்டு நின்றார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால், கண்ணெதிரே மத்தியும் கானாங்கெளுத்தியும் கூடை கூடையாக ஏறிக்கொண்டிருக்கிறது. யாருக்குத்தான் வயிறு எரியாது? கொடிக் கயிற்றைப் பிடித்த கையோடு ஓடிப்போய்ப் படகைத் தள்ளினார்கள். முன்னால் ஓடியது என் வீட்டுக்காரர், உன் மாமாதான். பங்குச் சாமியார் தொண்டை கிழியக் கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை.

நாலு வசவு வைது விரட்டிவிட்டு வருவார்கள் என்றுதான் நினைத்தேன். கூடப் போன சார்லஸ் வந்து சொன்ன பிறகே நடந்தது தெரிந்தது. அவர்கள் படகு ஜாஸ்தி. நம் ஆட்கள் திரும்பிவிடலாம் என்றுதான் பார்த்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் கிழக்கே உங்கள் கடலோரக் காவல்படையின் வெள்ளைக் கப்பல் ஒன்று தெரிந்திருக்கிறது. நீளமாக, பக்கவாட்டில் சாய்வான பட்டையோடு, பின்பக்கம் ஹெலிகாப்டர் இறங்கும் தளத்தோடு. உன் மாமா எழுந்து நின்று, “டேய், அது நம்ம மச்சான் கப்பல்டா! அவன் பாத்துக்கினுதான் இருக்கான், ஒருத்தனும் பயப்படாதீங்கடா” என்று கூவினாராம்.

பொங்கலுக்கு வந்தபோது போட்டோவைக் காட்டிப் படித்துப் படித்துச் சொன்னாயே தம்பி! அந்த வகைக் கப்பல்கள் எல்லாம் ஒரே அச்சு, கிட்டே போய்ப் பெயரைப் படித்தால்தான் எது எது என்று தெரியும் என்று. அந்த மனுஷன் போட்டோவை மட்டும் பார்த்தார், பேச்சைக் காதில் வாங்கவில்லை. ஊரெல்லாம் மச்சான் மச்சான் என்று பீற்றிக்கொண்டு திரிந்த திமிர், வேறென்ன? உன் கப்பல் அன்றைக்கு அந்தமான் பக்கம் இருந்ததாகப் போலீஸ்காரர்கள் விசாரித்துச் சொன்னார்கள்.

அந்தக் கப்பலை நம்பி நம் ஆட்கள் மேலே பாய்ந்துவிட்டார்கள். படகைப் படகால் இடித்துக் கவிழ்த்தார்கள். தண்ணீரில் விழுந்தவன் தலை மேலே வரவர அடித்தார்கள், இரண்டு பக்கமும்தான். நங்கூரக் கொக்கி பட்டுச் சார்லஸுக்கு முன்பல் ஒன்றும் மிச்சமில்லை. உன் மாமா வலை அறுக்கும் கத்தியைத் தெற்குக் குப்பத்துக் கலியமூர்த்தியின் கழுத்தில் இறக்கிவிட்டார். கப்பல்காரர்கள் சின்னப் படகை இறக்கி வேகமாகத்தான் வந்தார்கள். எந்தக் குப்பம் என்று கேட்காமல் எல்லோரையும் தூக்கிக் கட்டுப் போட்டார்கள். கலியமூர்த்தியைத் தூக்கும்போது உயிர் இருந்ததாம். கரைக்கு வருவதற்குள் போய்விட்டது. உன் மாமா நீந்திக் கரையேறி ஓடிவிட்டார்.

செத்தவன் யார் தெரியுமா? ரத்தினம்மாள் மகன். சிதம்பரம் மார்க்கெட்டில் என் பக்கத்தில் கூடை வைத்து மீன் விற்பாளே, அவள். நானும் அவளும் ஒரே ஆட்டோவில் போய் வருகிறவர்கள். எல்லோரும் தடுத்தும் கேட்காமல் பிணவறை வாசலுக்குப் போனேன். பார்த்ததும் என் மயிரைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதினாள். நெற்றி கிழிந்து தையல் போட்டிருக்கிறது. நான் கையைத் தூக்கவில்லை. பெற்ற வயிறு, அடிக்கட்டும் என்று நின்றேன். கை ஓய்ந்ததும் என் மேலேயே சாய்ந்து, “எம் புள்ளைங்க இன்னும் ரெண்டு பேரு அருவாள எடுத்துக்கினு உம் புருஷனத் தேடிப் போயிருக்கானுங்கடி. அவனுங்களும் ஜெயிலுக்குப் போனா நான் யாரப் பாத்துடி உயிரோட இருப்பேன்? போலீசுல புடிச்சிக் குடுத்துடுடி” என்று அழுதாள்.

அன்று சாயங்காலமே அந்த ஊர்க்காரர்கள் வந்து நம் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். நானும் மகள் நித்யா மேரியும் கோயில் மண்டபத்தில் இருக்கிறோம். அவளுக்குக் காய்ச்சல், அப்பா அப்பா என்று அனத்துகிறாள்.

நேற்று எவனோ ஒருவன் போனிலிருந்து உன் மாமா பேசினார். “மச்சான் கிட்டதான் போறேன். கப்பல்ல ஏத்தி எங்கனா எறக்கி வுட்டுருவான்” என்றார். கப்பல் என்ன ஷேர் ஆட்டோவா? இந்தப் புத்தியால்தான் ஒரு உயிர் போயிற்று. ரத்தினம்மாள் பிள்ளைகளுக்கும் இது தெரியாமல் இருக்காது. அவர்களும் சென்னைக்குத்தான் பஸ் ஏறியிருப்பார்கள்.

தம்பி, துறைமுக வாசலில் அவர் நிற்பார். ஒளித்து வைக்காதே. அக்கா தாலி என்று யோசிக்காதே, அந்தத் தாலிக்காகத்தான் கேட்கிறேன். அருவாள் வருவதற்குள் நீயே கூட்டிப்போய்ப் போலீசில் ஒப்படைத்துவிடு. காலில் விழுவார், பிறகு வாய்க்கு வந்தபடி வைவார். உன் அக்காதான் சொன்னாள் என்று சொல்லிவிடு. என்னை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வையட்டும், உள்ளே உயிரோடு உட்கார்ந்து வையட்டும்.

மாதா உன் மனசுக்குத் தைரியம் தரட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கொடியேற்றத்துக்கு விரதம் இருந்தவர், பச்சைத் தண்ணீர் குடிக்காமல் படகேறினார். அதற்குப் பிறகு என்ன தின்றாரோ தெரியாது. வெறும் வயிற்றோடு ஒப்படைத்துவிடாதே. எங்காவது உட்காரவைத்து, வயிறாரச் சோறு வாங்கிக் கொடுத்து, கை கழுவும் வரை பக்கத்தில் இருந்து, பிறகு கூட்டிப் போ.

உன் அக்கா,
வியாகுலமேரி