சம்பந்திக்கு ஊட்டிய வால்கொழுப்பு

அக்டோபர் 3

தாராஸ் நகரின் கூரைகளைக் குறட்டையால் தூக்கிய பெருமகன் நான், இந்த வாரம் முழுக்க மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினேன். படுத்தால் மார்பில் ஒரு குதிரை ஏறி நிற்கிறது.

அக்டோபர் 5

டாக்டர் குல்மீரா என் இதயத்தைத் திரையில் காட்டினார். சிங்கம் தெரியும் என்று பார்த்தேன்.

“குதிரைப்பால் குமிஸ் ஊத்தி வைக்கிற பழைய தோல்பை எப்படித் தொளதொளன்னு இருக்கும்? அப்படி ஆயிடுச்சு ஐயா. வயசு, பழைய மாரடைப்பு, இத்தனை வருஷமா தின்ன உப்புக் குதிரைக்கறி, எல்லாம் சேந்து. சதை இறுக்கிப் பிழிய மாட்டேங்குது.”

உப்பு கூடாது, கொழுப்பு கூடாது. தினமும் எடை பார். திடீரென ஏறினால் அது சதையல்ல, தண்ணீர்.

அக்டோபர் 9

தங்கை ரவ்ஷான் போன் செய்தாள். அவள் மகன் ஓல்ஜாஸுக்குப் பெண்ணை உறுதி செய்ய பெண் வீட்டார் இருக்கும் மெர்கேக்குப் போக வேண்டும். தாய்மாமன் நான்தான் தலைமைச் சம்பந்தி. பெண் வீட்டார் கையால் ஊட்டும் ஆட்டின் வால்கொழுப்பையும் ஈரலையும் நான் விழுங்கினால்தான் உறவு உறுதி.

முழங்கால் வலி என்று தள்ளிவைத்தேன்.

அக்டோபர் 17

மறுபடியும் தள்ளினேன். ரவ்ஷான் கத்தினாள்: “போன தடவை வலது கால்னே, இப்ப இடது காலா? பொண்ணு பிடிக்கலைன்னா சொல்லித் தொலைண்ணா! இன்னொரு தடவை தள்ளினா சம்பந்தமே வேணாம்னு சொல்லியனுப்பிட்டாங்க.”

சொல்லிவிடலாமா? ஒரே மூச்சில் முழு ஆட்டைத் தின்றவன் என்று ஊரெல்லாம் பேச்சு — பரப்பியவனும் நானே. அவன் உப்பில்லாக் கஞ்சி குடிக்கிறானா?

ஓல்ஜாஸ் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் குத்துகிறது.

அக்டோபர் 20

எடை ஏறியிருக்கிறது. கணுக்காலை அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கிறது; அதில் ஒரு மந்தைக்கே தண்ணீர் காட்டலாம். போகிறேன். ஆனது ஆகட்டும்.

அக்டோபர் 25

மெர்கேயிலிருந்து திரும்பிவிட்டேன். உயிரோடு!

வாசலிலேயே சோதனை. வீங்கிய கால் பூட்ஸை விடவில்லை. சம்பந்தியைக் கேலி செய்வது அங்கே பெண்களின் உரிமை. பெண்ணின் அத்தை கன்ஷாயிம் பூட்ஸைப் பிடித்து இழுத்தாள்.

“என்ன சம்பந்தி, காலையும் சேத்து எங்க வீட்டுக்கே குடுத்துடுறீங்களா?”

ஒரே சிரிப்பு. விரலை உள்ளே விட்டு நெம்ப, பூட்ஸ் கழன்றது. கணுக்காலில் அவள் விரல் பதிந்த பள்ளம். அவள் மட்டும் சிரிப்பை நிறுத்தினாள்.

“கொசுக்கடி,” என்றேன்.

அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

விருந்தில் தட்டோடு வந்தாள். “வாயைத் தொறங்க! முழு ஆட்டைத் தின்ன வீரராமே!” கண்ணை மூடி வாயைத் திறந்தேன். கடித்தால் — கொழுப்பில்லை. வேகவைத்த முள்ளங்கி! கொழுப்புத் துண்டு போலவே தடிமனாக நறுக்கியது. ஈரலில் ஒரு கல் உப்பில்லை. மற்றவர்கள் அசலையே தின்று கைதட்டினார்கள். வழக்கப்படி என் முகத்தில் தயிரைப் பூசுகிற சாக்கில் காதருகே குனிந்தாள்.

“எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் கால் வீங்குச்சு. யார்கிட்டயும் சொல்லலை.”

அவர் எங்கே என்று நான் கேட்கவில்லை. தேவைப்படவில்லை.

அக்டோபர் 26

ரவ்ஷானை வரச் சொன்னேன். என் உப்பு ஜாடியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

“இது எதுக்குண்ணா?”

உட்காரச் சொன்னேன்.

நவம்பர் 8

எடை இறங்கியிருக்கிறது. இரண்டு தலையணை.

கன்ஷாயிமுக்கு என்ன பரிசு தரலாம் என்று ரவ்ஷான் கேட்டாள். ஒரு மூட்டை முள்ளங்கி என்றேன். அவள் சிரிக்கவில்லை.

“ரெண்டா வாங்கிடுறேன். ஒண்ணு உனக்கு.”