வாரம் ஒரு மூடி ஆயில்

மார்ச் 3, செவ்வாய்

காலை ஐந்தே முக்கால். பானெட்டைத் திறந்து ஸ்டீயரிங் ஆயில் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ஒரு மூடி ஊற்றினேன். போன செவ்வாய்க்குப் பிறகு இன்றுதான். வாரம் ஒரு மூடி என்றால் பெரிய ஒழுகல் இல்லை. என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் "இனிமே நானே கொண்டுபோய் விடறேன்" என்பார். நல்ல மனிதர்தான். அந்த நல்ல மனசுதான் எனக்குப் பயம்.

இன்று ஏழு வீடு. வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் கோபம் தனி ரகம். கடைசி வீட்டுப் பெரியவர், "ரத்தம் எடுக்க வந்தியா, உறிஞ்ச வந்தியா?" என்றார். ஒன்பது பத்துக்கு மாதிரிகளை லேபில் சேர்த்தேன்.

மார்ச் 5, வியாழன்

வலது தோள் வலி. ஆபரேஷன் முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. சாயங்காலம் வண்டியை உள்ளே ஏற்றி நிறுத்துவது மட்டும் அன்றிலிருந்து வீட்டுக்காரர் பொறுப்பு. ஸ்டீயரிங் லேசாக இருக்கும்வரைதான் இந்தக் கையால் வண்டி ஓட்ட முடியும். அது கனத்துப்போனால், வீடு வீடாகப் போகிற வேலை போய்விடும். பிறகு லேபின் முன்மேஜையில் உட்கார்ந்து ரசீது எழுத வேண்டியதுதான். மேனேஜர் இன்னும் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 9, திங்கள்

மெக்கானிக்கிடம் காட்டினேன். வண்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"சக்கரத்தைத் திருப்பற ஸ்டீயரிங் ராக்லதான்க்கா லீக். மெதுவா கசிஞ்சா சீல் மட்டும் மாத்திடலாம். வேகமா போச்சுன்னா, உள்ள இருக்கற தண்டுல துரு அரிச்சிருக்குன்னு அர்த்தம். புது சீலையும் அது கிழிச்சிடும். அப்ப ராக்கையே மாத்தணும். எவ்ளோ ஊத்தறீங்க?"

"வாரம் ஒரு மூடி."

"அவ்ளோதானா?" ஈரமாக இருந்த ரப்பர் உறையை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார். "சரி, சீலே போதும். பதினெட்டாம் தேதி கொண்டாங்க."

நிம்மதி. ராக்கையே மாற்றுவதென்றால் இந்தக் கிழட்டு வண்டிக்கு அது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதை. விற்றுவிடலாம் என்று பேச்சு வரும்.

மார்ச் 12, வியாழன்

விடைத்தாள் திருத்த வீட்டுக்காரர் வெளியூர் போனார். ஆறு நாள். டிவி ரிமோட் என் கையில்.

மார்ச் 14, சனி

திருப்பும்போதெல்லாம் வண்டி முனகுகிறது. ஆயில் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. செவ்வாய்தானே ஊற்றினேன்? இரண்டு மூடி ஊற்றினேன்.

மார்ச் 16, திங்கள்

மூன்றாவது வீட்டுச் சந்து. இடதுபக்கம் திருப்பினேன், திரும்பவில்லை. கல் மாதிரி ஸ்டீயரிங். எதிரே ஒரு சைக்கிள்காரர். பிரேக்கை மிதித்தேன், அவர் காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவர் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என்னைக் கடந்து போனார். திட்டியிருக்கலாம்.

பானெட்டைத் திறந்தால் ஆயில் டப்பா காலி. எங்க போச்சு அவ்வளவு ஆயிலும்? முந்தாநாள்தானே ஊத்தினேன்! பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றி மெல்ல ஓட்டிப் போனேன். அந்த வீட்டில் இரண்டு தரம் குத்தியும் நரம்பு பிடிபடவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

மத்தியானம் வீட்டுக்காரருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "சாயங்காலம் வண்டிய நிறுத்தும்போது தினம் நான் ஊத்திட்டுதான் வருவேன். ரெண்டு மாசமா" என்றார்.

"ஏன் சொல்லல?"

"ஸ்டீயரிங்ல கோளாறுன்னா நீ வண்டிய எடுக்கவே பயந்துடுவியோன்னு. நீ ஏன் சொல்லல?"

"சொன்னா எடுக்க விடமாட்டீங்களோன்னு."

ஒரே பூசணிக்காயை ஆளுக்கொரு பக்கமாய்ச் சோற்றில் மறைத்திருக்கிறோம். அந்த சைக்கிள்காரருக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

மார்ச் 18, புதன்

வழியில் இரண்டு தரம் நிறுத்தி ஊற்றித்தான் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். உண்மை அளவைச் சொன்னதும் மெக்கானிக், "டாக்டர்கிட்டயும் இப்படித்தான் பாதி சொல்வீங்களாக்கா?" என்றார். டிபனை முடித்துவிட்டு 'வெறும் வயிறு' என்று சாதிக்கிறவர்களை நான் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்!

ராக்கைக் கழற்றிப் பிரித்துக் காட்டினார். தண்டில் துருக்குழிகள். நகத்தால் தடவினால் தட்டியது. சீல் போட்டிருந்தால் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காதாம்.

ஊரிலிருந்து நேரே பட்டறைக்கே வந்துவிட்டார் அவர், பெட்டியும் கையுமாக. "ராக்கையே மாத்திடுங்க" என்றார் மெக்கானிக்கிடம்.

"வித்துடலாம்னு சொல்வீங்கன்னு நினைச்சேன்."

"வித்துட்டு? நீ எப்படி வேலைக்குப் போவ?"

'நானே கொண்டுபோய் விடறேன்' என்பதற்கு இரண்டு மாதமாக ஒரு பதிலைத் தீட்டி வைத்திருந்தேன். அதற்கு வேலையே இல்லாமல் போனது. அழுகை வந்துவிட்டது. பட்டறையில் நின்று அழ எனக்கு இஷ்டமில்லை, தெருப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

புது ராக் மாட்டி, சக்கரங்களை நேர்செய்து கொடுத்துவிட்டார் மெக்கானிக். ஒரு விரலால் திருப்ப முடிகிறது. எட்டு வீடு.

ஏப்ரல் 2, வியாழன்

வீட்டுக்காரருக்குப் பயிற்சி முகாம், ஆறரை ரயில். நான் கிளம்பும் நேரத்தில் பையோடு வாசலில் நின்றார். "போற வழியில என்னை ஸ்டேஷன்ல இறக்கி விட்டுடறியா?"

ஆபரேஷனுக்குப் பிறகு நான் ஓட்டும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கையை நீட்டுவார், இல்லாத பிரேக்கை மிதிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

இரண்டாவது திருப்பத்திலேயே தூங்கிவிட்டார். ஸ்டேஷன் வந்ததும் நான்தான் எழுப்ப வேண்டியிருந்தது.