மைனி சொன்ன எரிமலை

மைனி,

எரிமலை பார்க்கப் போனவர்கள் நான்கு பேர். நான், மகள் சுதா, மருமகன், வண்டி ஓட்டிவந்த ஜாவாக்காரர். டைரியில் முதலில் ஐந்து என்று எழுதிவிட்டேன். அப்புறம் விரல் விட்டு எண்ணிப் பார்த்து அடித்துத் திருத்தினேன். நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. டூர் என்றால் கை தானாகவே உங்களையும் சேர்த்துவிடுகிறது.

இந்தோனேசியாவிலிருந்து திரும்பி எட்டு நாள். அங்கே கட்டியிருந்த பச்சைச் சேலையை இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசியும் கந்தக வாடை போகவில்லை. இன்று காலை மடித்துவைக்க எடுத்தால், ஒரு பெட்டித் தீக்குச்சியை மொத்தமாக உரசினதுபோல மூக்கில் ஏறுகிறது. கட்டிலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். உங்களுக்கு உடனே எழுதவேண்டும் என்று தோன்றியது. சிரிப்புக்காக மட்டும் இல்லை, ஒரு சிக்கலும் இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை நம் தெருப் பெண்கள் சிதறால் மலைக்குப் போகிறோம். மூன்றாம் வீட்டுப் பிரேமாவும் வருகிறாள். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து நான்கு மாதமாகக் கேட்டைத் தாண்டாமல் இருக்கிறாள் அவள். நன்றாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் நம்ப மறுக்கிறாள். மலை மேல் அணைந்துபோன எரிமலை இருக்கிறது, வாயைக் காட்டுகிறோம் என்று ஆசை காட்டி நம் டூர்க் கூட்டாளி லீலாதான் அவளைச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். அது உங்கள் கதை. மேலே நின்று அதைச் சொல்லவேண்டியது நானாம். செவ்வாய்தோறும் விரதம் இருக்கிறவள், மலை உச்சியிலுள்ள பகவதி கோயில் வாசலிலேயே நின்றுகொண்டு பொய் சொல்வதா? சொல்லாவிட்டால், பிரேமா பாதிவழியிலேயே திரும்பிவிடுவாளே?

உங்களோடு நான் முதன்முதலாகச் சிதறால் ஏறிய நாள் நினைவிருக்கிறதா? பதினெட்டு வருஷம். எனக்கும் அதே ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தையல் பிரிந்துவிடும் என்ற பயத்தில் இருமுவதற்குக்கூட வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். அண்ணனிடம் சொல்லி வண்டி பிடித்து என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள். வயதில் என்னைவிட இரண்டு மாதம் இளையவர், அண்ணன் மனைவி என்பதால் முறையில் மூத்தவர். அந்த முறையை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை நீங்கள். முந்திரிக்கொட்டை தொங்கும் கொல்லாமரங்களுக்கு நடுவே கல் பாவிய பாதையில் பாதி தூரம் வந்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னட்டி, உக்காந்துட்ட?"

"முடியாது மைனி. நீங்க போயிட்டு வாங்க."

"சரி, இரி. எரிமலைய நான் மட்டும் பாத்துட்டு வாறேன்."

"எரிமலையா? இங்கயா?"

"பின்ன? மேல அதுக்க வாய் கெடக்கு. தண்ணி கெட்டி நிக்கி. ஆழம் ஒரு மனுசனுக்கும் தெரியாது. ஒனக்குத்தான் முடியாதே, நீ கொல்லாம்பழத்த எண்ணிக்கிட்டு இரி."

நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் பிள்ளைகளின் பூகோளப் புத்தகங்களைப் பிள்ளைகளைவிட ஒழுங்காகப் படித்தவள். நம் நாட்டில் நெருப்புக் கக்குகிற மலை அந்தமான் பக்கத்துத் தீவில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லி உங்களை மடக்கவேண்டும். நீங்களோ விறுவிறுவென்று முன்னால் போகிறீர்கள். "நில்லுங்க மைனி, அது எரிமலை இல்ல" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தேன். உச்சியில் காற்று முகத்தில் அடித்தபோதுதான், முழு மலையும் ஏறிவிட்டேன் என்பது தெரிந்தது.

கீழே எல்லாப் பக்கமும் தென்னை, ரப்பர், நடுவே ஆறு. மலைத்தொடர் நீலமாகப் படுத்திருந்தது. குடையப்பட்ட கோயிலுக்குப் பக்கத்தில் பாறைக்கு நடுவே பச்சைத் தண்ணீர்க் குளம். நீங்கள் இடுப்பில் கைவைத்து விளக்கினீர்கள். அதுதான் வாய். மேல்பாறையில் கறுப்பாக வழிந்திருப்பது புகை. பகவதி வந்து உட்கார்ந்ததும் தீ அடங்கிவிட்டது. பாறையில் செதுக்கியிருந்த சமணத் துறவிகளைக் கைகாட்டி, "பாத்தியா, அந்தச் சூட்டுல துணி உடுத்த முடியுமாட்டி?" என்று கேட்டீர்கள். நான் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தவசிகளை அப்படிப் பேசலாமா என்றேன். "அவ்வொ கோவப்படமாட்டாவொ. கோவத்த விட்டவொதானே" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு, கட்டுச்சோற்றைப் பிரித்தீர்கள்.

அதன்பிறகு எத்தனை டூர். வட்டக்கோட்டை மதில்மேல் நின்று கடல் பார்த்தோம், அருவியில் நனைந்தோம், ஆற்றுக்கு மேல் அந்தரத்தில் நிற்கும் தொட்டிப்பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தோம். வருஷம் ஒரு தடவை சிதறால். புதிதாக யார் வந்தாலும் உங்கள் எரிமலை தயார். "இல்லை" என்று சொல்ல நானும் தயார். நாம் இருவரும் சண்டை போடுவதைக் கேட்கவே தெருப் பெண்கள் வேனில் இடம் பிடிப்பார்கள்.

ஒருமுறை மாணவர்களோடு வந்திருந்த ஒரு கல்லூரி ஆசிரியரிடம் உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். இது எரிமலை இல்லை அம்மா. மிகமிகப் பழைய பாறை. பூமியின் ஆழத்தில் பயங்கரச் சூட்டில் உருவாகி, பிற்பாடு மேலே வந்தது.

நான் வெற்றியோடு உங்களைப் பார்த்தேன்.

"அப்போ அடியில சூடு இருந்துன்னு அவரே ஒத்துக்கிட்டாருல்லா" என்றீர்கள்.

மாணவர்கள் கைதட்டினார்கள். ஆசிரியரும் சிரித்துவிட்டார். வீடு வரும்வரை நான் உங்களோடு பேசவில்லை.

இந்தோனேசியாவில் உண்மையான எரிமலையின் விளிம்பில் போய் நின்றேன். பாண்டுங் ஊருக்கு வடக்கே, கார் உச்சிவரை போகிறது. வேலிக்கு அப்பால் ஒரு பெரிய சாம்பல் நிறக் கிண்ணம். ஒரு மூலையில் புகை பொசுபொசுவென்று வருகிறது. உள்ளே புல் இல்லை, பறவை இல்லை. சிதறாலுக்கும் அதற்கும் மூக்கு, முழி, ஒன்றும் ஒத்துப்போகவில்லை. நாமம் சொல்லிக் கும்பிட்டேன். கும்பிட்டு முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா சிரிக்கிய?" என்றாள் சுதா.

"ஒங்க அத்தை தோத்துட்டாங்க."

"சரி. யார்ட்ட போய்ச் சொல்லுவிய?"

அவள் கேலியாகத்தான் கேட்டாள். எனக்கோ பதினெட்டு வருஷ வழக்கில் ஜெயித்த நேரத்தில் எதிராளி இல்லை. வண்டிக்காரர் வேகவைத்த சோளம் வாங்கித் தந்தார். புகையைப் பார்த்துக்கொண்டே தின்றேன். உங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

நேற்று லீலாவுக்கு போன் போட்டேன். நான் நேரிலேயே பார்த்துவிட்டேன், சிதறால் எரிமலை இல்லவே இல்லை, பிரேமாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"சொல்லு. அவ பாதியில உக்காருவா. நீயும் கூட உக்காந்துக்கோ" என்றாள் லீலா. "ஒன்ன எப்பிடிட்டி அண்ணைக்கு மேல ஏத்துனா ஒங்க மைனி?"

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினெட்டு வருஷம் எனக்கு இது தோன்றவில்லை, மைனி. நான் எதையும் நம்பி எழுந்து வருகிறவள் இல்லை, தப்பைத் திருத்துவதற்காக எழுந்து ஓடுகிறவள். அது உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்?

அப்படியானால் நான் பாதையில் உட்கார்ந்த அந்த நிமிஷத்தில் கட்டிவிட்ட கதைதானா அது? பிறகு அத்தனை பேர் முன்னால் நான் உங்களை ஒன்றும் தெரியாதவள் என்று மடக்கியபோதெல்லாம், உன்னை ஏற்றத்தான் சொன்னேன் என்று ஒருதடவைகூட வாய்விடவில்லையே. இல்லை, நிஜமாகவே நம்பினீர்களா? அந்தக் கல்லூரி ஆசிரியரிடம் நீங்கள் பேசிய தோரணையை நினைத்தால் நம்பியதுபோலவும் இருக்கிறது.

நம்பித்தான் சொன்னீர்கள் என்றால் எனக்குச் சுலபம். "என் மைனி இத எரிமலைன்னுதான் நம்புனாங்க" என்று பகவதி முன்னால் தைரியமாகச் சொல்வேன், அதில் பொய் இல்லை. எனக்காகக் கட்டிய கதை என்றால், பிரேமா உட்காரும் இடத்தில் நானும் உங்களைப்போல இடுப்பில் கைவைத்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று முன்னால் நடப்பேன். பகவதியிடம் அப்புறம் பேசிக்கொள்கிறேன். பிரேமாவைக் கீழே விட்டுவிட்டு மட்டும் போகமாட்டேன்.

அது என்னோடு தங்கிவிட்டது, மைனி. பாதியில் உட்கார்ந்தவர்களை விட்டுவிட்டுப் போக எனக்குக் கால் வருவதில்லை.

வேன் ஞாயிறு காலை ஆறரைக்கு. கதையா, நம்பிக்கையா? கனவில் வந்து ஒரு வார்த்தை சொன்னாலும் போதும். சனிக்கிழமைக்குள் பதில் தரவும்.