ஏரிக்கு அக்கரையில் ஒரு வாக்குச்சாவடி

ஜனவரி 9

மாறுதல் ஆணை வந்துவிட்டது. மார்ச் முதல் தேதிக்குள் என் மனைவி இருக்கும் ஊர் நகராட்சியில் போய்ச் சேர வேண்டும். மாடிப்படிக்குக் கீழே போய் நின்று படித்தேன். அத்தனை பேருக்கு நடுவில் இளித்துக்கொண்டு உட்கார முடியுமா?

மூன்று வருடம். நான் இங்கே மாநகராட்சித் தேர்தல் பிரிவில், அவள் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக, மகள் சிட்டு அவளோடு. போனில் சொன்னேன். “நிஜமாவா? விளையாடாதீங்க” என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம். சளியாம். எனக்குத் தெரியாதா?

ஏப்ரலில் தேர்தல். நான் போன பிறகு அதை நடத்த வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தை அமர்த்தப் பணம் ஒதுக்கியாயிற்று. யாரையும் அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகவில்லை.

ஜனவரி 12

சிட்டு போனில்: “அப்பா, என் ரூம்ல படுக்கக் கூடாது. நீங்க குறட்டை விடுவீங்களாம், அம்மா சொன்னாங்க.” நாள் முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

ஜனவரி 21

காலையில் அச்சகக்காரர் வந்து உட்கார்ந்தார். காகித விலை தாறுமாறாக ஏறிவிட்டது, பேசிய விலைக்கு வாக்குச்சீட்டு அடிக்க முடியாதாம். “சார், கைக்காசைப் போட்டு அடிச்சா நான் கடையை மூடிட்டு உங்க வாசல்லதான் வந்து உட்காரணும்.” சண்டை போட வாயெடுத்தேன். அவர் காட்டிய ரசீதைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

அவர் போன கையோடு, சாவடிப் பணியாளர்களுக்குப் படியை உயர்த்தி உத்தரவு. மத்தியானம் பள்ளிக்கூடங்கள் – இதுவரை சும்மா கொடுத்த அறைகளுக்கு இந்தத் தடவை வாடகை. எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு வந்ததுபோல் இருந்தது.

ஜனவரி 29

மன்றக் கூட்டம். கூடுதல் செலவில் பாதிக்குத்தான் ஒப்புதல். அவசர நிதி எங்கே? போன மழையில் உடைந்த வடிகால்களுக்குள் போய்விட்டது.

ஆணையர் சுற்றி வளைக்கவில்லை. “கூட்டம் வராத சாவடிகளை மூடிடுங்க. பக்கத்துச் சாவடியோட சேர்த்துடலாம்.” முதலில் அடிபட்டது ஏரிக்கு அக்கரைச் சாவடி. வரைபடத்தில் அதற்குப் ‘பக்கத்துச் சாவடி’ இக்கரையில் இருக்கிறது. வரைபடத்தில் விரற்கடை தூரம்தான்.

பிப்ரவரி 3

படகில் அக்கரைக்குப் போனேன். செங்கல் சூளை வேலைக்காரர்களின் வீடுகள். போன தேர்தலில்தான் முதல்முதலாக அங்கே சாவடி போட்டோம் – அதற்காக நானே கோப்போடு நாயாய் அலைந்தேன்.

ஒரு பெண், இடுப்பில் குழந்தை, கையெல்லாம் செம்மண். விஷயத்தைச் சொன்னதும், “படகுக்காரன் ஆள் சேர்ந்தாதான் எடுப்பான். போயிட்டு வந்தா ஒரு நாள் கூலி போச்சு. எங்க வீட்டுக்காரரு போவாரு, நான் போக மாட்டேன். இங்க பாதிப் பொம்பளைங்க அப்படித்தான்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “போன தடவை போட்டோமே, அது போதும்னு வெச்சுக்கறோம்.”

போதுமாம்.

பிப்ரவரி 6

வண்டிகளைக் குறைத்தேன். விளம்பரப் பலகைகளைக் குறைத்தேன். பந்தல், நாற்காலி, அதிகாரிகளின் சாப்பாடு – எல்லாவற்றிலும் கிள்ளினேன். வாடகையை விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பள்ளிக்கூடங்களில் கெஞ்சினேன். ஒன்றிரண்டு இறங்கி வந்தன. கணக்கில் விழுந்த பள்ளம் இன்னும் பள்ளமாகவே இருக்கிறது.

பிப்ரவரி 7

கணக்கு அதிகாரி என் மேஜைக்கே வந்தார். எந்த பில்லைக் கொடுத்தாலும் ஓரத்தை வெட்டித்தான் தருவார் என்பதால் எங்களுக்குள் அவர் ‘கத்தரி அம்மா’. இன்று அவர் குரலே வேறு மாதிரி இருந்தது.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வெளி நிறுவனத்துக்குன்னு வெச்சிருக்கோமே, அதை எடுத்தா ஒரு சாவடியும் மூட வேணாம்.”

“அப்ப தேர்தலை யாரு நடத்தறது?”

அவர் என்னையே பார்த்தார். பிறகு, “நான் கேக்கலை சார். உங்க குடும்பம் எனக்குத் தெரியும். வழி தெரிஞ்சும் சொல்லாம இருக்க முடியலை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிப்ரவரி 8

ஏன், நான் என்ன இளிச்சவாயனா? ஊர்ல வேற ஆளே இல்லையா? காகிதம் விலை ஏறினதுக்கு என் பொண்டாட்டி புள்ளையா கிடைச்சாங்க? இந்த இடத்தை விட்டா அடுத்த ஆளுக்குப் போயிடும், மறுபடி வரிசையில கடைசியில நிக்கணும் – ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. போறேன். கண்டிப்பா போறேன். யார் என்ன நினைச்சா எனக்கென்ன.

போதுமாம். அந்தப் பெண் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 10

மனைவியைப் போனில் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கரை, படகு, கூலி, கத்தரி அம்மா.

“என்கிட்ட கேக்கறீங்களா, இல்ல சொல்றீங்களா?”

“கேக்கறேன்.”

“பொய். முடிவு பண்ணிட்டுத்தான் கூப்பிட்டிருக்கீங்க. சிட்டு அவ பொம்மையெல்லாம் ஒரு பக்கமா ஒதுக்கி அலமாரியில உங்களுக்கு இடம் விட்டு வெச்சிருக்கா. அவகிட்ட நீங்களே சொல்லிக்குங்க.”

வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 12

மாறுதல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 23

சிட்டுதான் பேசுகிறாள். அம்மா குளிக்கிறாள், அம்மா டியூட்டியில், அம்மா தூங்குகிறாள். எவ்வளவு நேரம்தான் ஒருத்தி குளிப்பாள்? பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்கிறது. அவள் கை வைக்கும் சத்தம் எனக்குத் தெரியும். அதைக் கேட்பதற்காகவே சிட்டுவிடம் பாடம், பரீட்சை என்று எதையாவது இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 1

இன்று அங்கே இருந்திருப்பேன்.

மார்ச் 16

ஞாயிறு. சட்டைகளைத் தேய்த்தேன். பெட்டியில் அடுக்கியிருந்தவற்றைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். தனியாக இருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை எதற்கு என்று யாராவது சொன்னால் தேவலை.

ஏப்ரல் 20

வாக்குப்பதிவு. எல்லாச் சாவடிகளும் திறந்தன. மத்தியானத்துக்கு மேல் அக்கரைக்குப் போனேன். சூளையிலிருந்து நேராக வந்த பெண்கள் வரிசையில். அந்தப் பெண்ணும் இருந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததாகத் தெரியவில்லை; குழந்தையை முன்னால் நின்றவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்து, மை வைத்த விரலைக் குழந்தைக்குக் காட்டி ஏதோ சொன்னாள். இரண்டும் சிரித்தன.

சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று எழுத முடியாது. இதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சொல்ல வேண்டியவள் குளித்துக்கொண்டிருக்கிறாள்.

மே 4

அவள் வீட்டில் இருந்து எழுதுகிறேன். ‘அவள் வீடு’ என்றுதான் கை எழுதுகிறது. காலையில் வந்து சேர்ந்தேன். கூடத்து விளக்குக்குப் போட்ட சுவிட்சில் விசிறி சுற்றியது. சிட்டு ஓடிவந்து, “அது இல்லப்பா, இது” என்று காட்டிக்கொடுத்தாள். விருந்தாளிக்குச் சொல்வதுபோல் மரியாதையாக. “எத்தனை நாள் இருப்பீங்க?” என்று கேட்டாள். ஒரு வாரம் என்றேன். “ஓ” என்றாள், அவ்வளவுதான்.

அவள் அம்மா பரிமாறினாள். வேண்டிய அளவுக்கு மட்டும் பேசினாள். கை கழுவிவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தபோது, அடுக்களையிலிருந்தே கேட்டாள்: “திரும்பிப் போக டிக்கெட் எடுத்தாச்சா?”

“இன்னும் இல்லை.”

“எடுக்காதீங்க. நான் எடுக்கறேன். மூணு பேருக்கு.”

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று எழுந்து போனேன். அவள் திரும்பாமலே அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சிட்டுக்கு லீவு விட்டாச்சு, நானும் லீவு சொல்லிட்டேன். அந்த ஏரிக்கு அக்கரையில என்னைக் கூட்டிட்டுப் போங்க. யாருக்காக எங்களை விட்டீங்கன்னு என் கண்ணால பாக்கணும்.”