கரகரப்பு வராது, மச்சான்

மச்சான்,

இன்று காலை திருப்பாதிரிப்புலியூரில் சிதம்பரம் வண்டி ஏறி உட்கார்ந்தேன். எதிர் சீட்டில் இருந்த அம்மாள் பையிலிருந்து ஒரு சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தார்கள். கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புயலில் டவர் உச்சியில் நின்றவன் என்று கடலூர் மாவட்டம் முழுக்கப் பீற்றிக்கொண்ட மாவீரனான நான் எழுந்து போய்க் கதவோரம் நின்றுகொண்டேன். அன்றைக்கு அடித்தது புயல் இல்லை, தூறல். டவரிலும் பாதிதான் ஏறினேன். உனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அது.

படிக்கிற காலத்தில் சும்மா மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டோம். பிறகு உன் தங்கையை நான் கட்டிக்கொண்டதால் அந்தச் சொல் சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது. நீ சிதம்பரத்தில் நாம் படித்த காலேஜிலேயே அலை, சிக்னல் பாடம் நடத்தும் வாத்தியாராகத் தங்கினாய். நான் செல்போன் டவர் வேலைக்குப் போய், இந்த மாவட்டத்தில் காற்றே என் கையெழுத்து வாங்கித்தான் வீசுகிறது என்கிற அளவுக்கு வாய் வளர்த்தேன்.

ஒரு சாயங்காலம் கீழ வீதியில் என் கையில் போனைக் கொடுத்து, பேசிக்கொண்டே நடக்கச் சொன்னாய். ஓரிடத்தில் பேச்சு தெளிவாகக் கேட்டது. இரண்டடி தள்ளினால் அறுந்தது. இன்னும் இரண்டடியில் திரும்பி வந்தது. "டவர்லேர்ந்து அல நேராவும் வருது, செவுத்துல பட்டும் வருது, அந்த பஸ்ஸுல பட்டும் வருது. சேந்தா பலம். ஒண்ண ஒண்ணு தின்னுட்டா மங்கல்" என்றாய். நல்லா இருக்கிற கணத்தில் நிறைய அனுப்பு, மங்குகிற கணத்தில் கொஞ்சமாக, எளிதாக அனுப்பு, ரொம்ப மோசமென்றால் பொறுத்திரு. உன் ஆயுள் முழுவதும் நீ செய்த ஆராய்ச்சியை இப்படி ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டு டீ குடிக்கக் கூட்டிப்போனாய்.

டீக்கடையில்தான் சண்டை. ஒரு டவரைப் பத்துப் பேர் கேட்டு நின்றால் யாருக்கு முதலில் கொடுப்பது?

"சிக்னல் நல்லா இருக்கிறவனுக்குக் குடு. மத்தவன் நிக்கட்டும். வேல சட்டுனு முடியும்" என்றேன்.

"திட்டக்குடி பக்கம் ஓரத்துல ஒருத்தன் இருக்கான். அவனுக்கு எப்பவுமே சிக்னல் கம்மி. காலம் பூரா நிப்பானா அவன்?"

"டவர் பக்கத்துல வீடு கட்டச் சொல்லு."

நீ சிரித்தாய். பிறகு சொன்னாய்: "அடுத்தவனோட ஒப்பிடக் கூடாதுடா. அவனவனுக்கு எப்ப வழக்கத்த விட நல்லா இருக்கோ, அப்ப அவனுக்குக் குடுக்கணும்."

ஓய்வு பெற்றபின் இதையெல்லாம் தமிழில் புத்தகமாக எழுதினாய். கம்மாபுரம் பக்கத்திலிருந்து தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் உன் வகுப்பில் முதல் வாரமே மிரண்டு போவதைப் பார்த்து எழுதியது. "மங்கல்னு போடாதே, அச்சடிக்கிறவன் மங்கலம்னு மாத்தி மேல மஞ்சள் தடவிடுவான்" என்று கேலி செய்தேன். நீ கைப்பிரதியைக் கட்டி என் மடியில் வைத்தாய். "மச்சான், நீ படிச்சுத் தப்பு பாத்துக் குடு. நீ பாக்காம அச்சுக்குக் குடுக்க மாட்டேன்."

"நானா? தங்கப் பேனா வாங்கித் திருத்தறேன். உலகமே இந்தப் புக்குக்காக வரிசையில நிக்கும்" என்றேன். வீட்டுக்கு வந்து பிரித்தேன். முதல் சமன்பாடு என்னை முறைத்துப் பார்த்தது. கணக்கெல்லாம் எந்தக் காலத்திலோ என்னை விட்டுப் போயிருந்தது. அத்தனை வருடமும் கம்பியையும் திருகாணியையும் முடுக்கிக்கொண்டு மேதையைப் போல் நடித்திருக்கிறேன். அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. கைப்பிரதியை அப்படியே அலமாரி மேல் வைத்தேன்.

நீ போன் செய்தாய். அப்போது நான் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். "எதுவரைக்கும் வந்திருக்க?" என்று நீ கேட்டதும், கை தானாகப் பாக்கெட்டைப் போன் பக்கத்தில் வைத்துக் கசக்கியது. "கே...க்கல மச்சான்... கட்டாவுது..." வைத்துவிட்டேன். வேலை செய்தது. பிறகு அந்தக் காலிக் கவர் என் மேசையிலேயே குடியிருந்தது. கம்மாபுரம் டவரில் குரங்குப் படை ஏறிவிட்டது என்றேன், கடலுக்கு மேல் மூன்று மின்னல்கள் பங்காளிச் சண்டை போடுகின்றன என்றேன், ஒவ்வொன்றுக்கும் பின்னணி இசையாகக் கவரைக் கசக்கினேன்.

"அண்ணங்கிட்ட ஒழுங்கா பேசுனா என்னாவாம்?" என்று உன் தங்கை கேட்டாள். "சிக்னல் இல்ல" என்றேன். அவள் தன் போனை எடுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டினாள். எல்லாக் கோடும் இருந்தது.

உன் தொழிலை நீ என்னிடமே காட்டினாய். முதலில் அத்தியாயம் அத்தியாயமாகப் பேசுவாய். பிறகு, "மூணாவது முடிஞ்சிதா?" கடைசியில், "படிச்சியா?" என்ற ஒரே சொல். காலை ஏழுக்குக் கூப்பிட்டுப் பார்ப்பாய், சாப்பாட்டுக்குப் பின் பார்ப்பாய், ஞாயிற்றுக்கிழமை பார்ப்பாய். மோசமான தடத்தில் குறைவாக அனுப்பி, நல்ல நேரத்துக்குக் காத்திருந்தாய். எனக்கு அப்படி ஒரு நேரமே வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் கசக்கத் தொடங்கியதும் நீ நிதானமாகச் சொன்னாய்.

"மச்சான், அந்தக் கவரக் கீழ வையி."

"என்...ன கவரு?"

"கரகரங்கிறது பழைய ரேடியோவுலடா. இது டிஜிட்டல். மங்குனா வார்த்த விழும், இல்ல ஒண்ணுமே கேக்காது. கரகரப்பு வராது, மச்சான். டவர்க்காரன் நீ, ஒனக்கு நான் சொல்லணுமா?" சிரிப்புதான் கேட்டது, கோபம் இல்லை. "மொதல் நாளே தெரியும். படிக்கலன்னா படிக்கலன்னு சொல்லேன். நான் என்னா பண்ணிடப் போறேன்?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'எனக்குப் புரியலடா.' நீ அடுத்த பஸ்ஸில் வந்து உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருப்பாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? தெரியும் உனக்கு. இன்னொரு தடவை கசக்கிவிட்டு, போனை வைத்தேன். நாளைக்குக் கூப்பிட்டு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். புதன் போயிற்று. வியாழக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை என்று உன் மகள் சொன்னாள். அந்த போன் மிகத் தெளிவாகக் கேட்டது. ஒரு எழுத்துகூட விழவில்லை.

காரியம் முடிந்த பிறகு அலமாரியிலிருந்து கைப்பிரதியை இறக்கினேன். மச்சான், அந்த முதல் சமன்பாட்டுக்கு அடுத்த பக்கத்திலேயே, "இது பயமுறுத்தினால் விட்டுவிட்டு மேலே படியுங்கள், திரும்பி வரலாம்" என்று எழுதியிருக்கிறாய். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. கீழ வீதி இருக்கிறது, பஸ் இருக்கிறது, டவர் பக்கத்தில் வீடு கட்டச் சொன்ன முட்டாள் ஒருவனும் இருக்கிறான். எனக்கே புரிந்தது. மொத்தப் புத்தகமும் இரண்டு மதியத்தில் முடிந்துவிட்டது. இந்த இரண்டு மதியத்துக்காக உன்னை ஒரு வருடம் நிற்க வைத்தேன்.

தப்பும் கண்டுபிடித்தேன். டவர் யாருக்கு எப்போது முறை கொடுப்பது என்கிற விதியில், அவனவனின் இப்போதைய வேகத்தை அவனவன் சராசரி வேகத்தால் வகுக்க வேண்டும். நீ தலைகீழாக எழுதிவிட்டாய். அப்படியே போனால் அவனவன் படு மோசமாக இருக்கும் நேரம் பார்த்து அவனுக்கு முறை வரும். இந்த ஒன்றை வைத்து உன்னைப் பத்துத் தலைமுறைக்குக் கேலி செய்திருப்பேன். பென்சிலால் மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் போட்டேன். அறையில் சிரிக்க ஆள் இல்லை.

கடைசித் தாள் நன்றியுரை. நான் அதைத் தொடுவதற்கு முன்பே நீ எழுதி வைத்தது: "கேட்டவுடன் படித்து, பிழை திருத்தித் தந்த என் மச்சானுக்கு."

இன்று உன் மகளிடம் பிரதியைக் கொடுத்தேன். அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "மாமா, இங்க ஒரு சொல்ல அடிச்சிருக்கீங்க. இதுல என்னா தப்பு?" என்று கேட்டாள்.

"அது அச்சுல வர வேணாம்மா" என்றேன்.

படித்து, பிழை திருத்தித் தந்ததை மெய்யாக்கிவிட்டேன், மச்சான். 'கேட்டவுடன்' என்பதை மெய்யாக்க இந்த அண்டப்புளுகனிடம் வழி இல்லை. அந்தச் சொல்லை நான் வைத்துக்கொள்கிறேன்.