சமீர் விஷயமும் அப்பாவின் ஐந்து கேள்விகளும்

குஷாய்குடா,
சனிக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள வர்ஷினிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பா உட்காரும்போது மட்டும் அவ்வளவு சௌக்கியமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சமீர்க் குட்டியும் குளிரில் தும்மாமல் நன்றாக இருக்க வேண்டும். தினமும் வீடியோவில் பார்க்கிற அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீடியோவில் பேசினால் என் தோளுக்கு மேல் அப்பாவின் மூக்கு வந்துவிடுகிறது, குடும்பக் குரூப்பில் எழுதினால் நாற்பத்தொரு பேர் கட்டைவிரலைத் தூக்குகிறார்கள். மூன்றாவது மாடி ரோஸ்லின் நாளை டாலஸுக்குக் கிளம்புகிறாள், அவளிடம் கொடுத்தனுப்பும் மாவடு பாட்டிலைச் சுற்றியிருக்கும் துண்டுக்குள் இதை வைத்திருக்கிறேன். போன வாரம் நீ அழுதுகொண்டே கேட்டாயே, சமீருக்குச் சுன்னத் செய்வதா வேண்டாமா, நீயாவது சொல்லேம்மா என்று, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

குழந்தை பிறந்த மறுநாள் அங்கே நர்ஸ் வந்து, தோசைக்கு வெங்காயம் போடட்டுமா என்று கேட்கிற மாதிரி முன்தோலை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள், நீங்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றீர்கள். அந்த ஒரு வார்த்தை இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து நம் வீட்டிலும் லோத்குண்டாவில் உன் மாமனார் வீட்டிலும் வேறு பேச்சு கிடையாது. பெயர் வைத்தபோது எவ்வளவு ஒற்றுமையாக இருந்தார்கள், சமீர் சமஸ்கிருதம் என்று உங்கப்பாவும் அரபி என்று அப்துல் காதர் சம்பந்தியும் ஆளுக்கொரு பக்கம் ஜெயித்துவிட்டு லட்டு சாப்பிட்டார்கள். இதில் அப்படிப் பங்கு போட வழியில்லை. முப்பது வருஷம் தொழிற்சாலையில் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத உங்கப்பா, பிறந்த குழந்தையின் உடல் உரிமை என்று பதினாலு பக்கம் தேடிப்பிடித்துக் குரூப்பில் போட்டார். சம்பந்தி விடுவாரா, நோய் வராது, சுத்தம் என்று பதினேழு பக்கம் போட்டார். அவர் போட்டதை இவரோ இவர் போட்டதை அவரோ முதல் பக்கம் தாண்டிப் படிக்கவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காக்காரன் மார்க்கம் இல்லாமலே செய்யிறான் சார், நமக்கென்ன என்று அவர் சொல்ல, அமெரிக்காக்காரன் பனியிலயும் ஐஸ் போட்டுத் தண்ணி குடிக்கிறான் பாய், அதையும் குழந்தைக்குக் கொடுத்துடலாமா என்று இவர் சொல்ல, ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம். இயற்கை கொடுத்ததில் கைவைக்க நாம் யார் என்று உங்கப்பா முழங்கியபோது மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். உனக்குப் பதினோராம் மாதத்தில் காது குத்தியது யார் மடியில் வைத்து என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் உன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டவள் நான். நீ அலறிய அலறலை எவ்வளவு அழகா அழறா பாரு என்று போட்டோ எடுத்தோம், ஒரு காது பத்து நாள் சீழ் வைத்தது, அந்தப் போட்டோ இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இத்தனை சத்தத்தில் இந்த விஷயத்தைத் தன் உடம்பிலேயே அனுபவித்த மாப்பிள்ளையை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் வாய்விட்டுச் சொல்கிற ரகமில்லை, மாதாப்பூர் ஆபீஸில் எல்லோரும் ஜூ பார்க் போனபோது வரமாட்டேன் என்றாரே ஒழிய ஏன் என்று சொல்லவில்லை என்று கல்யாணத்துக்கு முன்னால் நீயே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய், நினைவிருக்கிறதா.

இனிமேல் எழுதப்போவதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா என் தலையிலடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். வாயால் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம், அதனால் எழுதுகிறேன். ஆறு மாதமாக அவருக்குச் சர்க்கரை ஏறிப்போய், ஒன்றுக்குப் போகுமிடத்தில் எரிச்சலும் புண்ணும். என்னிடமே சொல்லாமல் ஏதோ களிம்பைத் தடவிக்கொண்டு உலக நாகரிகம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வலி தாங்காமல் ஒருநாள் டாக்டரிடம் போனால், அவர் பார்த்துவிட்டு, முன்தோல் இறுகிவிட்டது, சர்க்கரைக்காரர்களுக்கு இது சகஜம், எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். ஆமாம் கண்ணு, அதேதான். அறுபத்துநாலு வயதில் உங்கப்பாவுக்கு. வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும், பாய்க்கு மட்டும் தெரியக்கூடாது என்றார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க ஆட்டோக்காரரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் ஆண் துணை ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், மாப்பிள்ளை டாலஸில் இருக்கிறார், வேறு யாரைக் கூப்பிடுவேன், பாயைத்தான் கூப்பிட்டேன்.

அவர் எப்படி வந்தார் என்கிறாய், கையில் மல்லிகை மாலை, புதுக் கைலி, உன் மாமியார் நஸ்ரின் சர்க்கரை போடாமல் காய்ச்சிய பாதாம் பால். எங்க ஊர்ல சுன்னத்துக் கல்யாண மாப்பிள்ளைக்கு இதெல்லாம் முறை சார், மறுக்கப்படாது என்று மாலையைப் போட்டுவிட்டார். உங்கப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்தேன், ஆனால் அவரே முதலில் சிரித்துவிட்டார், பிறகு மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அப்புறம் நர்ஸ் ஆக்னஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். உங்கப்பா ஐந்து கேள்வி கேட்டார், வலிக்குமா, எவ்வளவு எடுப்பீர்கள், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியுமா, வேறு டாக்டரைக் கேட்டுவிட்டு வரலாமா, நான் மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள். எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்ன அந்தப் பெண், கடைசிக் கேள்விக்கு, நக்கோன்னா நக்கோதான் அங்கிள், வேணாம்னு சொன்னா யாரும் தொடமாட்டாங்க, உங்க உடம்பு என்றாள். இரண்டு டீ குடித்து, மூன்று பேருக்குப் போன் செய்து, படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பா கையெழுத்துப் போட்டார். அவ்வளவு நேரமும் சம்பந்தி அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலை போட்டபோது இருந்த சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

அப்பாவை உள்ளே கொண்டுபோன பிறகு வராந்தாவில் அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தங்கச்சி, எனக்கு ஏழு வயசு, தர்காவுல கந்தூரி பாக்கப் போறோம்னு எங்க அத்தா கூட்டிட்டுப் போனாங்க, ராட்டினம் இருக்கும்னு சொன்னாங்க, போனா அங்க ராட்டினம் இல்ல என்றார். ஆனா அதுக்கப்புறம் மூணு நாள் எங்க அத்தா கடையைத் தொறக்காம பக்கத்துலயே உக்காந்து விசிறுனாங்க, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அவ்வளவு கிட்ட அவங்க உக்காந்ததே இல்ல, அன்னையிலேர்ந்து நானும் இவங்கள்ல ஒருத்தன்னு ஆச்சு, அதை என் பேரனுக்குக் கொடுக்கணும்னுதான் தங்கச்சி கத்துறேன், சுத்தம் கித்தம் எல்லாம் சும்மா சேத்துக்கிட்டது என்றார். உங்கப்பாவின் பதினாலு பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை, அவருடைய பதினேழு பக்கத்திலும் இது இல்லை. பிறகு அவரே, இர்பானுக்கு அஞ்சு வயசுல செஞ்சோம், அவன்கிட்ட நான் ஜூ பார்க் போறோம்னு சொன்னேன் என்றார். குரங்குக்குப் போடவென்று ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாராம் மாப்பிள்ளை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அதை விடவில்லையாம். அதுக்கப்புறம் அவன் என்கிட்ட ஜூவைப் பத்திப் பேசுனதே இல்ல தங்கச்சி, செஞ்சதுக்கு நான் வருத்தப்படல, பொய் சொன்னதுக்கு இன்னும் மன்னிப்புக் கேக்கல, சார் அஞ்சு கேள்வி கேட்டாங்கள்ல, அவன் ஒண்ணுதான் கேட்டான், அத்தா, ஜூ எங்கேன்னு, என்றார். வாயடிக்கிற மனுஷர் கைலி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அதனால் கண்ணு, செய் என்றோ செய்யாதே என்றோ நான் சொல்லப்போவதில்லை. என் மனதைக் கேட்டால், அவனாக ஐந்து கேள்வி கேட்கிற வயது வரட்டும், காத்திருங்கள் என்பேன். ஆனால் நான் காது குத்தியவள், என் பேச்சை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள். வளர்ந்த பிறகு என்றால் வலி அதிகம் என்று சம்பந்தி சொல்வதும் பொய்யில்லை, உங்கப்பா கைலியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்க்கிறேனே. முதலில் நீ மாப்பிள்ளையிடம் கேள், வாதத்துக்கில்லாமல் கேள், அந்த வேர்க்கடலையிலிருந்து ஆரம்பி. நீங்கள் இருவரும் எதை முடிவு செய்தாலும் இந்தப் பக்கம் இரண்டு வீடும் வாயை மூடிக்கொள்ளும், அதற்கு நான் பொறுப்பு. இப்போதே செய்தாலும் சரி, பின்னால் செய்தாலும் சரி, செய்யாமலே விட்டாலும் சரி, அவன் கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள்.

மூவரும் நூறு வயது நன்றாக இருங்கள், சமீரைக் குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள், மாவடுவில் ஈரக் கரண்டி போடாதே, இதைப் படித்தவுடன் கிழித்துவிடு, அப்பாவிடம் போனில் எப்படியிருக்கீங்க என்று மட்டும் கேள், எங்கே வலிக்குது என்று கேட்காதே. டிசம்பரில் நீங்கள் வரும்போது இரண்டு தாத்தாக்களும் சமீரைத் தூக்கிக்கொண்டு ஜூ பார்க் போகப்போகிறார்களாம், மாப்பிள்ளையும் கட்டாயம் வர வேண்டுமென்று சம்பந்தி சொல்லச் சொன்னார். நிஜமாகவே ஜூவுக்குத்தான் என்றும் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜலஜா உமாசங்கர்